குறியீடு ஒரு கதைமாந்தரை எப்படி வளர்க்கிறது: ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த நாவலைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: மாக்கிங்பேர்ட் பறவை அப்பாவித்தனத்தின் குறியீடு. வரியில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதை எழுதி முடித்ததும் பலரும் பேனாவை மூடிவிடுகிறார்கள். அந்தப் பறவை நாவலுக்குள் வந்ததால் ஸ்கவுட் என்ற சிறுமிக்கு என்ன ஆனது? அவளுடைய அண்ணன் ஜெம் எப்படி மாறினான்? ஊரே பேய் என்று ஒதுக்கிய ஒரு மனிதன் எப்போது பக்கத்து வீட்டுக்காரனாக ஆனான்? இந்தக் கேள்விகளுக்கு அந்த வரியில் பதில் கிடையாது.

குறியீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமான பாதி. அந்தப் பொருளின் மேல் யாருடைய கை படுகிறது, முதல் தடவை எப்படிப் பட்டது, கடைசியில் எப்படிப் பட்டது என்று பார்ப்பதுதான் மீதிப் பாதி. பாத்திரம் வளர்வது அந்த இரண்டு தொடுதல்களுக்கும் நடுவில். இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான் செய்து பார்க்கப் போகிறோம்.

தொடங்கும் முன் கொஞ்சம் பின்னணி. ஹார்ப்பர் லீ எழுதிய இந்த நாவல் 1960இல் வெளிவந்தது; 1961இல் புலிட்சர் பரிசு பெற்றது. கதை நடப்பது 1930களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மேகோம்ப் என்ற கற்பனை ஊரில். டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவர்மீது, மேயெல்லா ஈவல் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் பொய் வழக்கு போடப்படுகிறது. அவருக்காக வாதாடுபவர் ஆட்டிகஸ் ஃபின்ச். அவருடைய மகள் ஸ்கவுட் பிற்காலத்தில் நினைத்துப் பார்த்துச் சொல்வதுதான் கதை. அதே அலபாமாவில் 1931இல் ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று பெயர் பெற்ற வழக்கில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது இதே மாதிரியான குற்றச்சாட்டு சுமத்தப்பட்டு, முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட ஜூரிகள் தீர்ப்பளித்தன. நாவலில் வரும் நீதிமன்றம் வெறும் கற்பனை இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பொருள்களை மட்டும் குறித்து வையுங்கள்

முதல் வாசிப்பில் எதையும் குறிக்க வேண்டாம். கதைக்குள் போய்விட்டு வாருங்கள். இரண்டாம் வாசிப்பில் ஒரு நோட்டை எடுத்து, கையால் தொடக்கூடிய பொருள் எது வந்தாலும் அத்தியாய எண்ணோடு எழுதுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அத்தியாயம் மாறாது. மொத்தம் 31 அத்தியாயங்கள், 11ஆவதோடு முதல் பாகம் முடிகிறது.

இந்தக் கட்டத்தில் அர்த்தம் எதையும் எழுதாதீர்கள். ‘கண்ணாடி, 10, தெருவில் விழுந்து விரிசல் விட்டது’ என்று மட்டும் எழுதினால் போதும். அர்த்தத்தை முதலிலேயே எழுதிவிட்டால், அதற்குப் பொருந்துகிற இடங்கள் மட்டும்தான் கண்ணில் படும். முன்முடிவோடு ஒருவரைப் பார்த்தால் என்ன ஆகும் என்று காட்டுகிற நாவலையே முன்முடிவோடு படிப்பது சரியில்லை.

குறிக்க வேண்டியவற்றுக்கு ஒரு சின்ன அடையாளம் உண்டு: கதை நகரத் தேவையான அளவைவிட ஆசிரியர் அதிக நேரம் நின்று காட்டுகிற பொருள். ஒரு வீட்டு முற்றத்தில் பூச்செடி இருந்தது என்றால் அது வர்ணனை. ஆறு சாடிகள், எனாமல் உதிர்ந்தவை, அதில் பளிச்சென்ற சிவப்புப் பூ என்று எண்ணிக்கையோடு சொன்னால், அங்கே நீங்களும் நில்லுங்கள்.

இரண்டாம் படி: யார் தொட்டார்கள், எப்படித் தொட்டார்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பார்ப்போம்: 11ஆம் அத்தியாயத்தில் வரும் காமெலியா பூ.

திருமதி டுபோஸ் அதே தெருவில் குடியிருக்கும் வயதான, நோயாளியான பெண்மணி. வாயைத் திறந்தால் வசை. ஆட்டிகஸ் கறுப்பினத்தவருக்காக வாதாடுவதைக் கேவலமாகப் பேசுகிறார். 12 வயது முடிந்த மறுநாள் ஜெம்முக்குப் பொறுமை போய்விடுகிறது. தங்கைக்காக வாங்கிய கோலைப் பிடுங்கி, அந்த அம்மாளின் காமெலியாச் செடிகள் எல்லாவற்றின் தலைகளையும் அடித்து நொறுக்குகிறான். தரையெல்லாம் பச்சை மொட்டும் இலையும். இது முதல் தொடுதல்.

தண்டனையாக அவன் தினமும் அவர் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் படித்துக் காட்ட வேண்டும். அப்போது அவர் சொல்கிறார், வெட்டிய இடத்தில் செடி மறுபடி துளிர்த்துவிட்டதாம். அடுத்த தடவை வேரோடு பிடுங்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா என்று கேட்கிறார். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். அந்தப் பெண்மணியின் பிடிவாதம் அப்படித் துளிர்க்கிறது. அவருக்குள் ஊறிப்போன தப்பெண்ணமும் அப்படித்தான், மேலே வெட்டினால் போகாது. இரண்டில் எது சரி என்று முடிவுகட்ட அவசரப்படாதீர்கள். ஒரே செடி இரண்டையும் சுமக்கிறது, அந்த அம்மாளும் இரண்டையும் சுமக்கிறார்.

அவர் இறந்த பிறகு உண்மை தெரிகிறது. வலிக்காக எடுத்துக்கொண்ட மார்ஃபின் பழக்கமாகிவிட்டது. யாருக்கும் எதற்கும் கட்டுப்படாமல் சாக வேண்டும் என்று அவர் அதை விட்டிருக்கிறார். ஜெம் படித்துக் காட்டிய நேரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போனதன் காரணம் அதுதான். அவர் விட்டுச்சென்ற ஒரு பெட்டி ஜெம்மின் கைக்கு வருகிறது. ஈரப் பஞ்சுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைக் காமெலியா.

ஜெம் முதலில் கத்துகிறான், பெட்டியை வீசுகிறான். ஆட்டிகஸ் பேசுகிறார்: கையில் துப்பாக்கி வைத்திருப்பவன்தான் தைரியசாலி என்று நீ நினைக்கக்கூடாது, தோற்போம் என்று தெரிந்தே தொடங்கி கடைசிவரை விடாமல் நிற்பதுதான் தைரியம் என்ற கருத்தில். பிறகு என்ன நடக்கிறது என்று கூர்ந்து பாருங்கள். ஜெம் பெட்டியை நெருப்பில் போடுகிறான். பூவைப் போடவில்லை. ஸ்கவுட் தூங்கப் போகும்போது திரும்பிப் பார்க்கிறாள். அண்ணன் அந்த அகலமான இதழ்களை விரலால் தடவிக்கொண்டிருக்கிறான்.

இது கடைசித் தொடுதல். கோலால் அடித்த கை இப்போது விரல் நுனியால் தடவுகிறது. இடையில் ஜெம் மனம் வருந்தினான், புரிந்துகொண்டான், வளர்ந்தான் என்று ஆசிரியர் எங்கேயும் சொல்லவில்லை. அவன் அவரை மன்னித்தானா என்பதுகூட நமக்குத் தெரியாது. வெறுக்கத்தக்க பேச்சு பேசிய ஒருவரிடம் வியக்கத்தக்க துணிச்சலும் இருக்கலாம் என்ற சங்கடமான உண்மையோடு ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். முதல் பாகம் அங்கே முடிகிறது. இரண்டாம் பாகத்தில் நீதிமன்றத்துக்குள் போகப்போவது இந்த ஜெம்தான்.

இதே கேள்வியோடு, ஊரே பேய் என்று ஒதுக்கிய பூ (Boo) ராட்லியின் வீட்டு ஓக் மரத்தைப் பாருங்கள். மரப்பொந்தில் சூயிங்கம், மெருகேற்றிய பழைய நாணயங்கள், நூல்பந்து, சோப்பில் செதுக்கிய இரண்டு பொம்மைகள், சங்கிலி கோத்த, பையில் வைக்கும் ஓடாத கடிகாரம் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. குழந்தைகள் நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டு போகும்போது, பூவின் அண்ணன் நேதன் ராட்லி பொந்தை சிமெண்டால் அடைத்துவிட்டார். மரம் செத்துக்கொண்டிருக்கிறது என்று அவர் காரணம் சொல்கிறார். மரம் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார் ஆட்டிகஸ். அன்று ஜெம் இருட்டும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வருகிறான், முகத்தில் அழுத தடம். ஸ்கவுட்டுக்குப் பரிசு நின்றுபோன வருத்தம். ஜெம்முக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே இருக்கும் ஒரு மனிதன் நீட்டிய கையை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று. ஒரே சிமெண்ட்டின் முன்னால் அண்ணனும் தங்கையும் வெவ்வேறு வயதில் நிற்பது அங்கே துல்லியமாகத் தெரிகிறது.

மூன்றாம் படி: ஒரு குறியீட்டை முதலிலிருந்து கடைசிவரை பின்தொடருங்கள்

இப்போது பறவைக்கு வருவோம்.

10ஆம் அத்தியாயத்தில் அது ஒரு விதி. காற்றுத் துப்பாக்கி கிடைத்த பிள்ளைகளிடம் ஆட்டிகஸ், மாக்கிங்பேர்டைக் கொல்வது பாவம் என்கிறார். அவர் எதையும் பாவம் என்று சொல்லி ஸ்கவுட் கேட்டதே இல்லை. அதே தெருவில் வசிக்கும் மிஸ் மாடி காரணம் சொல்கிறார்: அவை தோட்டத்தை நாசம் செய்வதில்லை, நமக்காகப் பாடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. ஸ்கவுட் கேட்டுக்கொள்கிறாள். பெரியவர்கள் கொடுத்த வாக்கியமாக அது அவளிடம் கிடக்கிறது.

அதே அத்தியாயத்தில் வெறிநாய் தெருவில் வருகிறது. மரங்கள் அசையவில்லை, மாக்கிங்பேர்டுகள் மௌனம். ஷெரிஃப் (காவல் அதிகாரி) ஹெக் டேட் துப்பாக்கியை ஆட்டிகஸிடம் நீட்டுகிறார். ஆட்டிகஸ் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார், அது சரிகிறது, தெருவில் போடுகிறார். விரிசல் விடும் சத்தம் கேட்கிறது. ஒரே குண்டு. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மற்ற அப்பாக்கள் மாதிரி எதுவும் செய்யத் தெரியாது என்று வெட்கப்பட்ட பிள்ளைகளுக்கு அவர் நாயகன் ஆகிவிட்டார். ஆனால் இது போலியான உச்சம். அடுத்த அத்தியாயத்தில் அவரே, துப்பாக்கியில் தைரியம் இல்லை என்று சொல்லிவிடுவார்.

21ஆம் அத்தியாயம். ஜூரி தீர்ப்போடு வருகிறது. கோடைகால நீதிமன்றம் ஸ்கவுட்டுக்கு வெறிநாய் வந்த அந்தக் குளிர்ந்த பிப்ரவரிக் காலையாகத் தெரிகிறது; பறவைகள் மௌனம், கதவுகள் மூடியிருக்கின்றன. அப்பா தெருவுக்கு வந்து துப்பாக்கியைத் தூக்கி விசையை இழுப்பது போலிருக்கிறது, ஆனால் துப்பாக்கியில் குண்டு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தே இருக்கிறது. இங்கே உவமையைக் கட்டுவது அவளுடைய மனம். யாரும் சொல்லித்தரவில்லை. தன் அப்பாவின் தோல்வியை அவள் முதன்முதலாகத் தன் சொந்தப் படிமத்தால் புரிந்துகொள்கிறாள்.

25இல், சிறையில் சுட்டுக் கொல்லப்பட்ட டாமின் சாவைப் பற்றிப் பத்திரிகை ஆசிரியர் எழுதும்போது, வேட்டைக்காரர்களும் சிறுவர்களும் பாடும் பறவைகளை அர்த்தமில்லாமல் கொல்வதோடு ஒப்பிடுகிறார். மாக்கிங்பேர்ட் என்று பெயர் வருவதில்லை; கவனித்துக்கொள்ளுங்கள், கட்டுரைகளில் இதை மாற்றி எழுதுவது வழக்கமான பிழை. 28இல் பிள்ளைகள் இருட்டில் ராட்லி வீட்டைத் தாண்டும்போது ஒரு மாக்கிங்பேர்ட் தனியாகப் பாடுகிறது, தான் யாருடைய மரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமல். சில நிமிடங்களில் மேயெல்லாவின் அப்பா பாப் ஈவல் கொலைவெறியோடு அவர்கள்மேல் பாயப்போகிறார். காப்பாற்ற வருபவர் அந்த மரத்துக்குச் சொந்தமான வீட்டிலிருந்துதான் வருகிறார்.

30ஆம் அத்தியாயத்தில் முடிச்சு அவிழ்கிறது. பிள்ளைகளைக் காப்பாற்றிய பூ ராட்லியை ஊர் முன்னால் நிறுத்த வேண்டாம் என்று ஷெரிஃப் முடிவெடுக்கிறார். உனக்குப் புரிகிறதா என்று ஆட்டிகஸ் கேட்க, அப்படிச் செய்தால் அது மாக்கிங்பேர்டைச் சுட்ட மாதிரிதானே என்ற பொருளில் ஸ்கவுட் பதில் சொல்கிறாள். அப்பா 10ஆம் அத்தியாயத்தில் மகளுக்குக் கொடுத்த விதியை, மகள் 30ஆம் அத்தியாயத்தில் அப்பாவுக்குத் திருப்பிக் கொடுக்கிறாள். அதுவும் அவர் குழம்பி நிற்கிற நேரத்தில். இப்போது அது அவளுடைய வாக்கியம்.

நான்காம் படி: இரண்டு பொருள்களைப் பக்கத்தில் வையுங்கள்

டாமின் இடது கை. சிறுவயதில் பருத்தி அரைக்கும் இயந்திரத்தில் சிக்கியது. வலது கையைவிட 12 அங்குலம் குட்டை. சத்தியப் பிரமாணத்துக்காகப் பைபிளின் மேல் வைத்தால் நழுவி விழுகிறது. மேயெல்லாவின் முகத்தில் காயம் வலப்பக்கம், அவளுடைய அப்பா பாப் ஈவல் இடக்கைக்காரர். சான்று எல்லோர் கண்ணெதிரிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஜூரிக்கு அது தெரியவே செய்கிறது, ஆனாலும் தண்டிக்கிறது.

இப்போது நாவலின் முதல் வாக்கியத்துக்குத் திரும்புங்கள். 13 வயது ஆகப்போகும் சமயத்தில் ஜெம்முக்கு முழங்கையில் கை முறிந்தது என்று தொடங்குகிறது. ஆறிய பிறகு அவனுடைய இடது கையும் வலது கையைவிடச் சற்றுக் குட்டை. அதை முறித்தவர் அதே பாப் ஈவல். முதல் வாசிப்பில் இது ஒரு தகவல். டாமின் கையைப் பார்த்த பிறகு மறுபடி படித்தால், அந்தத் தீர்ப்பு ஜெம்மின் உடம்பிலும் ஒரு தழும்பை விட்டிருப்பது தெரியும். இரண்டும் சமமான இழப்பு இல்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்: ஜெம் கால்பந்து ஆடுகிறான், டாம் 17 குண்டுகளோடு செத்துப்போகிறார்.

மேயெல்லாவின் சாடிகளும் இப்படித்தான். குப்பைமேட்டுக்குப் பின்னால், உடைசல்கள் நிறைந்த முற்றத்தின் மூலையில் அந்தச் சிவப்பு ஜெரேனியங்கள், மிஸ் மாடி வளர்ப்பது மாதிரி அத்தனை பக்குவமாக. மிஸ் மாடிக்குத் தோட்டமும் தெருவும் பேச ஆளும் இருக்கிறார்கள். மேயெல்லாவுக்கு ஆறு சாடிகள். ‘அம்மணி’ என்று மரியாதையாகக் கூப்பிட்டால் கேலி செய்வதாக நினைக்கிற பெண் அவள். அந்தச் செடிகளைப் பார்த்த நமக்கு அவள்மேல் இரக்கம் வருகிறது. அதே அவள் சாட்சிக் கூண்டில் பொய் சொல்லி ஒரு மனிதனின் உயிரை எடுக்கிறாள். இரக்கம் குற்றத்தைக் கழுவாது. ஆனால் அந்தச் சாடிகள் இல்லையென்றால் அவள் வெறும் வில்லியாகப் போயிருப்பாள்.

ஐந்தாம் படி: பெயரையும் கையையும் கவனியுங்கள்

பொருள்களில்தான் குறியீடு இருக்கும் என்பதில்லை. ஆர்தர் ராட்லிக்கு ஊர் வைத்த ‘பூ’ என்பது ஆங்கிலத்தில் குழந்தைகளைப் பயமுறுத்த எழுப்பும் ஒலி. தமிழில் எழுதும்போது அது மலராகிவிடுகிறது; தமிழில் இதைப் பற்றி எழுதுபவர்கள் ஒரு தடவையாவது விளக்கிவிடுவது நல்லது.

முதல் அத்தியாயத்தில் வதந்தியில் மட்டும் இருக்கும் பூவுக்கு, அணில்களைப் பச்சையாகத் தின்பதால் கைகளில் ரத்தக்கறை. 29ஆம் அத்தியாயத்தில் சுவரோரம் நிற்கும் மனிதனின் கைகள் வெயிலே படாத, நோயாளியின் வெள்ளைக் கைகள். 31இல் தூங்கும் ஜெம்மின் தலைமுடியைத் தொடலாமா என்று தயங்கி, ஸ்கவுட் சொன்ன பிறகு மெல்ல இறங்குகிறது அந்தக் கை. அவள் அவரை இப்போது ‘மிஸ்டர் ஆர்தர்’ என்கிறாள். அவர்தான் தன்னை அழைத்துப் போவதுபோல ஊருக்குத் தெரியட்டும் என்று அவருடைய கையை மடக்கச் சொல்லித் தன் கையைக் கோத்துக்கொள்கிறாள். கற்பனையான ரத்தக்கறையிலிருந்து கோத்த கைவரை வந்த தூரம்தான் ஸ்கவுட்டின் வளர்ச்சி. ஆர்தர் மாறவே இல்லை. அவர் முதலிலிருந்தே பரிசு வைத்துக்கொண்டிருந்தவர்தான்.

ஆறாம் படி: குறியீடு எதை மறைக்கிறது என்று கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். டாமை மாக்கிங்பேர்ட் என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பறவைக்குக் கோபம் கிடையாது, விருப்பம் கிடையாது. நமக்காகப் பாடுவதுதான் அதன் மதிப்பு. ஒரு மனிதரை அப்படிச் சுருக்கினால், தீங்கு செய்யாதவர் என்பதால்தான் அவருக்கு நீதி வேண்டும் என்று ஆகிவிடும். தீங்கற்றவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் நியாயமான விசாரணை டாமின் உரிமை. அவருடைய வீட்டுக்குள், அவருடைய மனசுக்குள் நாவல் போவதே இல்லை. ஒரு வெள்ளைக்காரச் சிறுமியின் கண் எட்டுகிற தூரம் அவ்வளவுதான். என் வாசிப்பில் நாவலின் பெரிய குறை இது.

ஆனால் ஒரு இடத்தில் டாம் பறவைக்கூண்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறார். ஏன் அவளுக்குக் கூலி வாங்காமல் வேலை செய்தாய் என்று அரசு வழக்கறிஞர் கேட்க, அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்கிறார். அந்தக் கூடத்தில் ஒரு கறுப்பினத்தவர் வெள்ளைக்காரியைப் பார்த்து இரக்கப்படுவது மன்னிக்க முடியாத துணிச்சல். உண்மையைச் சொன்ன அந்த வாய்க்கு எந்தக் குறியீடும் தேவைப்படவில்லை. கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

ஏழாம் படி: பத்தியை எழுதுங்கள்

பலவீனமான பத்தி இப்படி இருக்கும்: ‘காமெலியா துணிச்சலின் குறியீடு. இதன் மூலம் ஜெம் துணிச்சலைக் கற்றுக்கொள்கிறான்.’ இதில் மறுக்க ஒன்றுமில்லை, படிக்கவும் ஒன்றுமில்லை.

இப்படி மாற்றிப் பாருங்கள்: ‘கோலால் காமெலியாக்களை நொறுக்கிய ஜெம், திருமதி டுபோஸ் அனுப்பிய பெட்டியை எரித்தாலும் பூவை எரிப்பதில்லை. தன் அப்பாவை இழிவாகப் பேசியவரிடமே அப்பா சொல்லும் துணிச்சல் இருந்தது என்பதை அவனால் ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. இதழைத் தடவும் விரலில் அந்தத் தவிப்பு தெரிகிறது.’ முதல் செயல், கடைசிச் செயல், நடுவில் தீராத ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் பத்தி நிற்கும். ‘குறியீடு’ என்ற சொல்லே அதில் வரவில்லை என்பதையும் பாருங்கள். ‘காட்டுகிறது’, ‘உணர்த்துகிறது’ போன்ற வினைச்சொற்களுக்குப் பதிலாக அடித்தான், எரித்தான், தடவினான் என்று பாத்திரத்தின் வினைகளையே பயன்படுத்துங்கள்.

பயிற்சிக்கு ஒன்றை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். 24ஆம் அத்தியாயத்தை எடுங்கள். அத்தை நடத்தும் தேநீர் விருந்துக்கு ஸ்கவுட் உடுத்தியிருப்பது பாவாடைச் சட்டை. கால்சட்டை எங்கே என்று மிஸ் மாடி கேட்க, உள்ளே போட்டிருக்கிறேன் என்கிறாள், பெண்கள் சிரிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் டாம் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியோடு அப்பா சமையலறைக்குள் வருகிறார். அத்தை உடைந்துபோகிறாள், பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்குப் போகிறாள். ஸ்கவுட் ஒரு பிஸ்கட் தட்டை ஜாக்கிரதையாக எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடக்கிறாள். சட்டை, கால்சட்டை, தட்டு. அந்தத் தட்டைப் பிடித்திருக்கும் கைகளிலிருந்து தொடங்குங்கள்.